துடைத்து எழுதும் திரை

மலாக்கா மாநிலத்து ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டப் பள்ளிகளிலே கரும்பலகையின் முன் நின்ற ஆசிரியர் எவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. ‘100’ என்பதில் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் துடைத்து ‘99’ என எழுதினால், எஞ்சிய சுழியம் அதனை ‘990’ ஆக்கிவிடும். கணிப்பொறித் திரையின் வரலாற்றில் அறிஞர் பலரை அலைக்கழித்த சிக்கலும் இதுவே.

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஆல்ட்டோ, திரையைப் புள்ளிகளின் பரப்பாக்கிப் படமும் எழுத்தும் ஒருங்கே தோன்றச் செய்தது. அங்குச் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. மேற்சாளரம் விலகியதும், அது மறைத்திருந்த பகுதியை மீண்டும் வரைவது யார்? 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷின் நினைவகம் 128 கிலோபைட்டே. திரைப்படிமம் ஒன்றுக்கே ஏறத்தாழ 22 கிலோபைட் வேண்டியிருந்தது. மறைந்தவற்றையெல்லாம் சேமிக்க இடமேது? ஆகவே, வெளிப்பட்ட பகுதி எதுவென அமைப்பு அறிவிக்கும். அதனை மீள வரையும் பொறுப்பு நிரலுடையது என்னும் முறை நிலைபெற்றது. அவ்வாண்டே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய எக்ஸ் சாளர அமைப்பும் இந்நெறியையே கைக்கொண்டது.

பொறுப்பை மறந்த நிரல்களில் பழைய எழுத்தின்மேல் புதிய எழுத்து படிந்தது. முதலில் பின்னணியைத் துடைத்துப் பின்னர் வரைந்த நிரல்களிலோ, இடைக்கணத்தில் வெறுமை தோன்றித் திரை மினுக்கியது. கண்ட தீர்வுகள் மூன்று: மாறிய பகுதியை மட்டும் வரைதல், அப்பகுதி முழுவதையும் பின்னணியால் நிரப்பியபின் எழுதுதல், படத்தை நினைவகத்தில் மறைவாக முடித்து, ஒரே வீச்சில் திரைக்கு மாற்றுதல். நினைவகம் மலிந்தபின், 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் ஒவ்வொரு சாளரத்திற்கும் தனிப்படிமமே வைத்தது.

தமிழுக்கு இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. ‘க’வுடன் ஒகரம் சேர்ந்து ‘கொ’ ஆகுங்கால், கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, ககரம் இடம்பெயர்கின்றது. முன் வரைந்ததை முற்றும் நீக்கினாலன்றி எழுத்துச் சிதையும். 1980களில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு’, தமிழைத் திரையேற்றிய முன்னோடிகளுள் ஒன்றாகும்.

இது வெறும் அழகு பற்றியதன்று. நினைவகத்தில் மெய் இருந்தும் திரை பொய்யுரைக்கக்கூடும். மாணவனின் மதிப்பெண்ணாயினும் தொழிலாளியின் கூலியாயினும், மாந்தர் நம்புவது கண்ணால் கண்டதையே. மலாக்கா நகரத்திலே இன்று நிரல் பயிலும் மாணவன், முன்னோர் தோட்டப் பள்ளியில் கற்ற ஒழுங்கையே மீண்டும் கற்கின்றான்: எழுதுமுன் முழுவதும் துடைக்க, துடைத்ததை முழுவதும் எழுதுக.