கூச்பிகார்: ஓர் எல்லை மாவட்டத்தின் நிலமும் ஆட்சியும்

இமயமலையின் அடிவாரத்துக் காடுகளும் தேயிலைத் தோட்டங்களும் முடிவடையும் இடத்திலிருந்து தெற்கே வங்காளச் சமவெளி விரியத் தொடங்குகின்றது. அவ்விடத்தே, வடக்கே சல்பைகுரி, அலிப்பூர்துவார் மாவட்டங்களையும் கிழக்கே அசாமையும் தெற்கிலும் தென்மேற்கிலும் வங்காளதேசத்தையும் எல்லைகளாகக் கொண்டு அமைந்திருப்பது கூச்பிகார் மாவட்டம். இதன் பரப்பு 3,387 சதுர கிலோமீற்றர். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 28 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இங்கு வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் கிராமவாசிகள். பெருந்தொழிற்சாலையோ சுரங்கமோ இங்கு இல்லை. ஆயினும், நாட்டின் எல்லை என்பது யாது, அரசின் கை எட்டாத நிலத்தில் வாழ்வோன் எந்நாட்டுக் குடி என்னும் வினாக்களை ஆராய்வார்க்கு இச்சிறு மாவட்டம் தரும் பாடம் பெரிய மாகாணங்கள் பல தருவதினும் மிகுதியானது.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். இம்மாவட்டம் வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து செல்வது. குன்று என்று சொல்லத்தக்கது யாதுமில்லை. தீஸ்தா, சல்டாக்கா, தோர்சா, காள்சானி, ராய்டாக் ஆகிய ஆறுகள் மலையினின்று இறங்கி, இந்நிலத்தைக் குறுக்கறுத்து ஓடி, இறுதியில் பிரமபுத்திரையோடு கலக்கின்றன. ஓர் ஆற்றுக்கே ஊருக்கு ஒரு பெயர் வழங்குவது இந்நாட்டு வழக்கம். மேலே சல்டாக்கா எனப்படுவது மாதாபங்காவில் மான்சாய் ஆகி, பின் சிங்கிமாரி ஆகி, எல்லை கடந்ததும் தர்லா ஆகின்றது. இவ்வாறுகள் தம் வழியை அடிக்கடி மாற்றுவன. 1787இல் ஏற்பட்ட பெருவெள்ளத்தின்போது தீஸ்தா தன் பழைய தென்வழியைக் கைவிட்டுப் பிரமபுத்திரையை நோக்கித் திரும்பியமை வங்காளத்தின் நில வரலாற்றில் ஒரு திருப்பமாகும். ஆறு நகர்ந்தால் வயல் கரைந்து மணல்மேடாகும். மறுகரையில் புதுநிலம் தோன்றும். அப்புதுநிலம் யாருடையது என்ற வழக்கு நீதிமன்றத்தை அடையும். நெல்லும் சணலும் முதன்மைப் பயிர்கள். தின்காட்டாப் பகுதியில் புகையிலையும் பெயர் பெற்றது. அங்கே அதற்கென ஆராய்ச்சி நிலையமும் அமைக்கப்பட்டது.

இந்நாட்டுக்கு அப்பெயரைத் தந்தவர் கோச்சர் என்னும் மரபினர். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விசுவசிங்கர் என்பார் சிதறிக் கிடந்த குடித்தலைவர்களை அடக்கி அரசு நிறுவினார். அவர் மகன் நரநாராயணர் காலத்தில், தம்பி சிலாராயரின் படைத்திறத்தால், கோச்ச அரசு கிழக்கே அசாமின் பெரும்பகுதி வரை பரந்தது. வைணவப் பெரியார் சங்கரதேவர் அகோம் நாட்டில் இடையூறுற்ற பின் நரநாராயணரின் ஆதரவைப் பெற்று, 1568இல் கூச்பிகார் மண்ணிலேயே மறைந்தார். இவ்வரசர் வெளியிட்ட ‘நாராயணி’ நாணயம் பூட்டானிலும் அசாமிலும் நெடுங்காலம் செல்லுபடியாயிற்று. நகருக்கு வடக்கேயுள்ள பாணேசுவரத்துச் சிவன் கோயிற் குளத்தின் ஆமைகளை ஊரார் ‘மோகன்’ என்று பெயரிட்டு இன்றும் போற்றி வருவதை இங்கு இடையே குறிப்பிடலாம். பின்னர் அரசு இரண்டாகப் பிரிந்தது. சங்கோசு ஆற்றுக்குக் கிழக்கிலிருந்த பாகம் முகலாயருக்கும் அகோமியருக்கும் இடையே சிக்கி அழிந்தது. மேற்குப் பாகமே கூச்பிகாராக நிலைத்தது.

முகலாயரோடு நிகழ்ந்த போர்களிலேதான் பிற்காலத் துன்பத்தின் வித்து ஊன்றப்பட்டது. 1661இல் மீர் சும்லா தலைநகரைக் கைப்பற்றி அதற்கு ஆலம்கீர்நகர் என்று பெயரிட்டார். எனினும் அவர் அசாமை நோக்கிச் சென்றபின் மன்னர் பிராணநாராயணர் தம் நாட்டை மீட்டுக்கொண்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1711 முதல் 1713 வரை நடந்த பேச்சுகளின் முடிவில் போடா, பாட்கிராம், பூர்வபாகம் என்னும் மூன்று சக்கலாக்கள் முகலாயருக்கு விடப்பட்டன. ஆனால் அப்பகுதிகளில் வேரூன்றியிருந்த கோச்சத் தலைவர் சிலரை முகலாயரால் அகற்ற முடியவில்லை. அவர்தம் நிலங்கள் கூச்பிகாருக்கே உரியனவாக, முகலாய நிலத்தின் நடுவே தீவுகள் போல நின்றன. அவ்வாறே கூச்பிகாரினுள்ளே குடியமர்ந்த முகலாய வீரர் சிலரின் நிலங்கள் முகலாயருக்குரிய தீவுகளாயின. இதுவே ஆராய்ச்சியாளர் பெரிதும் ஏற்றுக்கொள்ளும் விளக்கம். இத்தகைய துண்டு நிலங்களை அவ்வூரார் ‘சிட்மகால்’ என்பர்.

மக்கள் வழக்கில் உள்ள கதைகள் வேறு. கூச்பிகார் மன்னரும் ரங்பூர்ப் பௌஜ்தாரும் சதுரங்கம் ஆடி ஊர்களைப் பந்தயமாக வைத்தனர் என்பது ஒன்று. எல்லை வரையவந்த ஆங்கில அதிகாரி மதுமயக்கத்தில் மைத்துளிகளைப் படத்தின்மேற் சிந்திவிட்டான் என்பது மற்றொன்று. இவற்றிற்குச் சான்றில்லை. ஆனால் இக்கதைகள் தோன்றியதன் காரணத்தை அறிவது கடினமன்று. தன் வயலும் அயலான் வயலும் ஒரே வரப்பைப் பகிர்ந்தும் இரு நாடாக இருப்பதைக் காணும் உழவன், அதற்குச் சூதாட்டத்தையோ குடிமயக்கத்தையோ அன்றி வேறெதனைக் காரணமாக எண்ணுவான்?

அடுத்து வந்தது பூட்டானியரின் தொல்லை. 1772இல் அவர்கள் மன்னரைச் சிறைகொண்டு சென்றபோது, நாசிர் தேவ் கல்கத்தாவிலிருந்த கும்பனியாரின் உதவியை நாடினார். வாரன் கேத்திங்கு படை அனுப்பினார். அதற்கு விலையாக 1773ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கூச்பிகார் கும்பனியின் மேலாட்சியை ஏற்று, ஆண்டு வருவாயிற் பாதியைத் திறையாகக் கொடுக்க இசைந்தது. அத்திறை பின்னர் ஏறத்தாழ 67,700 ரூபாவாக நிலைநிறுத்தப்பட்டது. ஒரு படையெடுப்பைத் தடுப்பதற்காக நாட்டின் தன்னுரிமையே கைமாறியது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இதிலும் ஒரு வியப்பு உண்டு. முகலாயரின் உரிமைகளுக்குக் கும்பனியார் வாரிசான பின்னரும், போடா முதலிய சக்கலாக்களின் சமீன்தாரி உரிமை கூச்பிகார் அரசரிடமே இருந்தது. ஆகவே, தம் நாட்டில் முடிசூடிய மன்னராக விளங்கியவர், எல்லைக்கு அப்பால் நிலவரி செலுத்தும் சமீன்தாராகவும் இருந்தார். பிரித்தானியர் காலத்தில் சிட்மகால்கள் எவருக்கும் பெருந்தொல்லை தரவில்லை. இருபுறமும் ஒரே பேரரசின் நிழலில் இருந்தமையால், சந்தைக்கும் வைத்தியனிடத்துக்கும் செல்வோரைத் தடுப்பார் இலர்.

1863இல் பத்து மாதக் குழந்தையாக அரியணைக்கு உரியவரானவர் நிருபேந்திர நாராயணர். அவர் வயதுக்கு வரும்வரை ஆட்சியைப் பிரித்தானிய ஆணையாளர் நடத்தினர். நில அளவை, நீதிமன்றம், பள்ளி என்பன அக்காலத்திற் புதுமுறையில் அமைந்தன. 1878இல் கேசவசந்திர சேனரின் மகள் சுனீதி தேவியை மன்னர் மணந்தபோது, மணமகளின் இளவயது காரணமாகப் பிரம்ம சமாசம் பிளவுண்டது. 1883இல் ஆட்சியை ஏற்ற மன்னர் 1887இல் இன்று காணும் அரண்மனையையும், 1888இல் விக்டோரியாக் கல்லூரியையும் எழுப்பினார். பின்னர் அக்கல்லூரி, அங்கு அதிபராயிருந்த மெய்யியலறிஞர் பிரசேந்திரநாத சீலரின் பெயரைத் தாங்கியது. எனினும், அரண்மனையினின்று சற்றே விலகி வயலை நோக்கினால் வேறொரு காட்சி தோன்றும். அரசனுக்கு வரி கட்டுபவன் சோத்தேதார். அவனிடம் நிலம் பெறுபவன் சுக்கானிதார். அவனுக்குக் கீழ் தர்–சுக்கானிதார். அடியிலே, விளைவிற் பாதியைக் கொடுத்து உழுபவன் அதியார். ஒரே நிலத்தின்மேல் உரிமைகள் இவ்வாறு அடுக்கடுக்காகக் கிடந்தன. உழுபவனுக்கு எஞ்சியது எவ்வளவென்று அரசாங்க அறிக்கைகள் விரித்துரைப்பதில்லை.

1947 ஆகத்து 17இல் வெளியான சேர் சிறில் றட்கிளிவின் தீர்ப்பு பிரித்தானிய மாகாணங்களை மட்டுமே பிரித்தது. ரங்பூர் மாவட்டமும், சல்பைகுரியின் போடா, பாட்கிராம் உள்ளிட்ட ஐந்து தானாக்களும் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றன. கூச்பிகார் சுதேச மன்னராட்சியாதலின் அத்தீர்ப்பிற்கு உட்படவில்லை. மகாராசா சகத்தீபேந்திர நாராயணர் இந்தியாவோடு இணைந்து, 1949 செத்தெம்பர் 12இல் ஆட்சியை ஒப்படைத்தார். சில மாதம் தலைமை ஆணையாளரின் கீழ் இருந்த நாடு, 1950 சனவரி 1இல் மேற்கு வங்காளத்தின் ஒரு மாவட்டமாயிற்று. மன்னரோடு அவர் சிட்மகால்களும் இந்தியாவுக்கு வந்தன. ஆனால் அவை கிடந்தது பாகிஸ்தான் மண்ணில். பேரரசின் நிழலில் உறங்கிய பழைய கோடுகள் ஒரே நாளில் இரு நாடுகளின் எல்லைகளாக விழித்துக்கொண்டன.

1952இல் இரு நாடுகளுக்கும் இடையே கடவுச்சீட்டும் நுழைவுரிமையும் கட்டாயமாக்கப்பட்டதும் சிட்மகால் மக்களின் நிலை இரங்கத்தக்கதாயிற்று. கடவுச்சீட்டுப் பெறுதற்குத் தன் நாட்டு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அவ்வலுவலகத்துக்குச் செல்வதற்கோ அயல்நாட்டைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டும். தன் நாட்டுக் காவலர் அங்கு வரவியலாது. சூழ்ந்துள்ள நாட்டுக் காவலருக்கோ அதிகாரமில்லை. எனவே கொள்ளையிட்டாலும் முறையிடுவதற்கு இடமில்லை. மின்கம்பி சிட்மகாலைச் சுற்றி ஓடும், உள்ளே நுழையாது. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க விரும்பிய தந்தை, அயலூரான் ஒருவனைப் பிள்ளையின் தந்தையென்று எழுதுவித்தான். பேற்றுக்காக மருத்துவமனைக்குச் சென்ற பெண், பிறன் ஒருவனைக் கணவனென்று கூறவேண்டியிருந்தது. ஆட்சி என்பது வரி வாங்குதலும் தண்டித்தலுமே என்று கருதுவோர், அது இல்லாத இடத்தில் ஒரு பிள்ளையின் தந்தை பெயரே பொய்யாகும் என்பதை இங்குக் காணலாம். இத்துண்டுகளின் சிக்கலுக்கு எல்லையாக இருந்தது தாகலா காக்ராபாரி. ஏறத்தாழ 7,000 சதுர மீற்றர் பரப்புள்ள இச்சணல் வயல் இந்தியாவுக்குரியது. அதைச் சூழ்ந்தது வங்காளதேசத்துக்குரிய ஊர். அதைச் சூழ்ந்தது இந்தியச் சிட்மகால். அதனையும் சூழ்ந்தது வங்காளதேசம். உலகில் இத்தகைய மூன்றடுக்குத் துண்டு வேறெங்கும் இருந்ததில்லை.

இதற்குத் தீர்வு காண 68 ஆண்டுகள் சென்றன. 1958இல் நேருவும் பிரோசுகான் நூனும் துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் பேருபாரியைப் பங்கிடவும் உடன்பட்டனர். நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்பைத் திருத்தல் வேண்டும் என 1960இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைக்க, அவ்வாண்டே ஒன்பதாந் திருத்தம் நிறைவேறியது. ஆயினும் வழக்குகள் தொடர்ந்தன. அதற்குள் கிழக்குப் பாகிஸ்தான் வங்காளதேசமாயிற்று. 1974 மே 16இல் இந்திரா காந்தியும் சேக் முசிபுர் ரகுமானும் புதிய உடன்பாடு செய்தனர். பேருபாரியின் தென்பாதி இந்தியாவிடமே நிற்கும். தாகிராம்–அங்கார்போத்தா என்னும் பெருந்துண்டு வங்காளதேசத்துக்கே உரியதாகி, 178 மீற்றர் நீளமும் 85 மீற்றர் அகலமும் உள்ள ‘தீன்பிகா’ நிலத்தின் வழியாக அதற்குப் பாதை கிடைக்கும். அப்பாதையோ 1992 யூன் 26இலேதான் திறக்கப்பட்டது; அதுவும் குறித்த சில மணிநேரங்களுக்கு மட்டுமே. இரவும் பகலும் திறந்திருக்கும் நிலை 2011இல் வந்தது. மூன்று பிகா நிலத்தின் மேல் நடப்பதற்கு இரு நாட்டு அறிஞரும் அமைச்சரும் இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது எண்ணத்தக்கது.

2011இல் இருதரப்பாரும் கூடி மக்களை எண்ணினர். வங்காளதேசத்தினுள் இருந்த இந்தியத் துண்டுகளில் ஏறத்தாழ 37,000 பேரும், இந்தியாவினுள் இருந்தவற்றில் ஏறத்தாழ 14,000 பேரும் இருந்தனர். 2015 மே மாதத்தில் இந்தியப் பாராளுமன்றம் நூறாவது திருத்தத்தை ஏற்க, அவ்வாண்டு யூலை 31 நள்ளிரவில் மாற்றம் நிகழ்ந்தது. 17,160 ஏக்கர் கொண்ட 111 துண்டுகள் வங்காளதேசத்தோடும், 7,110 ஏக்கர் கொண்ட 51 துண்டுகள் இந்தியாவோடும் கலந்தன. பரப்பிற் குறைவானதை ஏற்றது இந்தியா என்று குறைகூறினார் உளர். எட்ட முடியாத நிலத்தைப் படத்தில் வைத்திருப்பதாற் பயன் என்ன என்பதே அதற்குத் தக்க விடை. தாம் இருந்த இடத்திலேயே இருந்து குடியுரிமை பெற்றோரே மிகப்பலர். வங்காளதேசப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்குக் குறைவானோரே இந்தியாவுக்குப் பெயர்ந்து, தின்காட்டா, மெக்ளிகஞ்சு, கல்திபாரி ஆகிய இடங்களில் அமைத்த முகாம்களிற் பல்லாண்டு தங்கினர். 2016 மே 5இல் நடந்த சட்டசபைத் தேர்தலில் மசால்டாங்கா, போவாத்துர்குட்டி முதலிய ஊரார் முதன்முறையாக வாக்களித்தனர். நிலத்திற்கு உரிய பதிவு கிடைப்பதோ மேலும் தாமதித்தது. அதற்கு வழிசெய்யும் சட்டத்திருத்தத்தை மேற்கு வங்காளச் சட்டசபை 2018இலேயே இயற்றியது.

இன்று இம்மாவட்டம் கூச்பிகார் சதர், தின்காட்டா, மாதாபங்கா, மெக்ளிகஞ்சு, துபான்கஞ்சு என ஐந்து உட்பிரிவுகளாகவும், 12 அபிவிருத்தி வட்டாரங்களாகவும், 128 கிராம பஞ்சாயத்துகளாகவும் வகுக்கப்பட்டுள்ளது. மாவட்ட ஆட்சியாளரின் கீழ் உட்பிரிவு அதிகாரியும் அவர் கீழ் வட்டார அதிகாரியும் இருப்பர். ஆட்சி அமைப்பு இந்தியாவின் ஏனைய இடங்களிற் போன்றதே. வேறுபாடு நிலத்தினால் வருவது. கல்திபாரி வட்டாரம் தீஸ்தாவுக்கு மேற்கே, தன் தலைமையிடமான மெக்ளிகஞ்சுக்கு எதிர்க்கரையிற் கிடக்கின்றது. பாலம் இன்மையால் அங்குள்ளோர் தம் உட்பிரிவு அலுவலகத்தைத் தரைவழியே அடைய அயல் மாவட்டமாகிய சல்பைகுரியைச் சுற்றிச் செல்லவேண்டியிருந்தது. 2021இலேதான் பாலம் திறக்கப்பட்டது. கல்கத்தாவிலிருந்து வடக்கே சென்ற பழைய இருப்புப்பாதையும் கல்திபாரி வழியாகவே ஓடியது. 1965ஆம் ஆண்டுப் போரோடு மூடப்பட்ட அவ்வெல்லைத் தொடர் 2020 திசெம்பரில் மீண்டும் இணைக்கப்பட்டது.

தெற்கே, தின்காட்டா, சீதாய், சீத்தல்குச்சிப் பக்கங்களில் எல்லைவேலி உண்மை எல்லைக்கோட்டிலிருந்து 150 யார் உள்ளே தள்ளி எழுப்பப்பட்டுள்ளது. அதனால் வேலிக்கு அப்பால் அகப்பட்ட இந்திய வயல்கள் பல. உழவர் காவற்படையினரிடம் தம் அடையாள அட்டையைக் கொடுத்து, வாயில் திறக்கும் வேளையிற் சென்று, அடைக்கும் வேளைக்குள் மீளவேண்டும். ஏரும் எருதும் கதிர்க்கட்டும் அவ்வாயில் வழியாகவே செல்கின்றன. ஏற்ற வேளையில் நீர் பாய்ச்ச விரும்பும் உழவனுக்குப் பயிரின் தேவை ஒரு மணியாகவும் வாயிலின் மணி வேறொன்றாகவும் இருக்கின்றது.