சுவரில் பூஞ்சணம்: நமது வீடுகள் மாறிய கதை



மாரி தொடங்கிவிட்டது. அலுமாரிக்குப் பின்னால், குளியலறைச் சுவரில், பிள்ளைகள் படுக்கும் மூலையில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும் காலம் இது. "வீடு பழசாகிட்டு" என்று சொல்லிவிட்டு நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். நேற்றுக் கட்டிய வீட்டிலும் அது வருகிறதே, ஏன்? விடை நமது கிழக்குக் கரையின் வீட்டு வரலாற்றில் இருக்கிறது.

நமது மூத்தவர்கள் வாழ்ந்தது களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட வீடுகளில். அங்கும் ஈரம் இருந்தது. ஆனால் கிடுகின் இடுக்கால் காற்றுப் போய்வரும். அடுப்புப் புகை கூரையை உலர்த்தும். உக்கிய கிடுகைக் கழற்றிப் புதிதாக வேயும்போது பூஞ்சணமும் அதோடு போய்விடும்.

வசதி வந்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். அதற்குச் சாந்தாகவும் பூச்சாகவும் இருந்தது சுண்ணாம்பு. கரையோரத்தில் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டு அதை எடுத்தார்கள். பெருநாள் வருகிறதென்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். அழகுக்காகச் செய்ததாகத்தான் நாம் நினைக்கிறோம். அதற்குள் ஒரு மருந்தும் இருந்தது. புதுச் சுண்ணாம்பு கடும் காரத்தன்மை உள்ளது. அதில் பூஞ்சணம் வளராது. சுவர் குடித்த ஈரத்தையும் அது வெளியே விடும். காலம் போகப் போகக் காரம் குறையும். அதனால்தான் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

பிறகு சீமெந்து வந்தது. 1950இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1978 நவம்பர் சூறாவளி நமது மாவட்டங்களின் கூரைகளைப் பிடுங்கி எறிந்தபோது, உறுதியான வீடு வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வந்தது. அது நியாயமான ஆசை. முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்தது. கடலின் அரணைக் காக்க அதுவும் தேவைப்பட்டது. சுண்ணாம்பின் இடத்தைப் பெயின்ட் பிடித்தது. பெருநாளுக்கு வர்ணம் பூசும் வழக்கம் மட்டும் மிஞ்சியது, மருந்து போய்விட்டது. பெயின்ட் பூசிய சுவர் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கிறது.

அடுத்தது 2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. பிறகு அது தளர்த்தப்பட்டாலும், கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஏற்கெனவே நெருங்கியிருந்த மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களுக்குக் காணி இன்னும் சுருங்கியது. இன்று வளவைப் பிரித்து மகளுக்கு வீடு, அடுத்த மகளுக்கு வீடு என்று மதிலோடு மதிலாகக் கட்டுகிறோம். யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். காற்று எங்கிருந்து வரும்?

இதை அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்க்க முடியாது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் மூச்சு நோய்களும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மாரியில் வகுப்பறையில் இருமும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அவர்கள் படுக்கும் அறைச் சுவரையும் நாம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

செய்யக்கூடியவை எளியவை. முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள்: ஒழுகும் ஓடு, கசியும் பைப், சுவரடியில் தேங்கும் மழைநீர். பூஞ்சணத்தின்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். அது மீண்டும் வரும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈர உடுப்பை அறைக்குள் காயப்போட வேண்டாம். மழைவிட்ட நேரமெல்லாம் யன்னலைத் திறவுங்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்க முடிந்தால் அதுவும் நல்லது.

புதிதாக வீடு கட்டப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறையின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை, எதிரெதிரே இரண்டு யன்னல் வையுங்கள். வீடு பிள்ளைகளுக்காகத்தானே கட்டுகிறோம். அவர்கள் அதற்குள் நன்றாக மூச்சுவிட வேண்டும்.