இடமில்லையென்றால் செத்துவிடு

ஏற்காடு ஏரி நிரம்பி மிஞ்சுகிற தண்ணீர்தான் கிளியூர் அருவி. ஏரி கோடி போகாத மாதங்களில் மூச்சிரைக்க இறங்கிப் போனால் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டு ஏறி வரலாம். நான் அப்படி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அடுத்த முறை ஐப்பசி மழைக்குப் பிறகு போனோம். சுமார் 300 அடியிலிருந்து சத்தத்தோடு விழுந்துகொண்டிருந்தது. கூட வந்த நண்பனும் என்னைப் போல சி மொழியில் சோறு தின்கிறவன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஓவர்ஃப்ளோ ஆனா ஜனங்க சந்தோஷப்படுற ஒரே எடம் இதுதான்டா.”

சிரித்தேன். ஆனால் பேச்சு அதற்குப் பிறகு வேறு எங்கும் போகவில்லை. மேலே ஏறி டீ குடித்து முடிக்கிற வரை ஒரே ஒரு சின்ன ஃபங்ஷனைப் பற்றித்தான் பேசினோம். அதன் பெயர் எக்ஸ்மாலாக்.

சி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு நிரலுக்கு நடுவில் மெமரி தேவைப்பட்டால் மாலாக் என்ற ஃபங்ஷனிடம் “இத்தனை பைட் கொடு” என்று கேட்கும். இருந்தால் அந்த இடத்தின் முகவரி வரும். இல்லாவிட்டால் வெறும் முகவரி வரும், அதற்கு ‘நல்’ என்று பெயர். (தமிழில் படித்தால் ஏதோ நல்ல விஷயம் மாதிரி இருக்கிறது. இல்லை.) வந்தது நல்லா என்று பார்க்காமல் அதில் எழுதப் போனால், பெரும்பாலும் நிரல் அங்கேயே விழும். சில சமயம் விழாமல் இன்னும் மோசமாக ஏதாவது செய்யும்.

கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் எழுதிய சி புத்தகத்தின் கடைசி அத்தியாயம், மெமரியைப் பங்குபோடும் இந்த வேலையை எப்படிச் செய்வது என்று நிரலாகவே எழுதிக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் மாலாக் இருந்தது. அது ஓடிய பிடிபி-11 இயந்திரத்தில் முகவரிக்கு 16 பிட்தான், அதாவது ஒரே நேரத்தில் எட்டக்கூடியது 64 கிலோபைட். இன்று ஒரு வாட்ஸப் குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிது. அந்தக் காலத்தில் “இடமில்லை” என்பது தினசரி நடப்பு.

ஆனாலும் மனிதர்கள் மனிதர்கள்தான். ஒரு நிரலில் ஐம்பது இடத்தில் மெமரி கேட்டால் ஐம்பது இடத்திலும் நல்லா என்று பார்க்க வேண்டும். முதல் பத்து இடத்தில் பார்ப்போம். பதினோராவதில் டீக்கு நேரமாகிவிடும். இதற்கு ஒரு சோம்பேறித்தனமான, அதனாலேயே அருமையான வழி கிடைத்தது: மாலாக்கைச் சுற்றி ஓர் உறை. கேட்பதை மாலாக்கிடம் அனுப்பு. நல் வந்தால் “மெமரி தீர்ந்தது” என்று ஒரு வரி அச்சடித்துவிட்டு நிரலையே முடித்துவிடு. இந்த உறை திரும்பி வந்தாலே இடம் கிடைத்துவிட்டது என்று பொருள். அழைக்கிறவர் எதையும் பார்க்க வேண்டாம்.

பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லேரி வால், 1984இல் ஆர்என் என்ற செய்தி வாசிப்பு நிரலை எழுதினார். அதில் இந்த உறைக்கு அவர் வைத்த பெயர் சேஃப்மாலாக், பத்திரமான மாலாக். க்னூ நிரல்களில் அதுவே எக்ஸ்மாலாக் ஆயிற்று. அங்கிருந்து பிரதியெடுத்துப் பிரதியெடுத்து உலகம் முழுக்கப் பரவியது. கிட் நிரலில்கூட உண்டு. அங்கே கொஞ்சம் நிதானம்: பல வருடங்கள் கிட்டின் எக்ஸ்மாலாக், இடம் கிடைக்காவிட்டால் உடனே சாகாமல், தான் பிடித்து வைத்திருக்கிற பழைய தரவுகளில் சிலவற்றைக் கைவிட்டு இன்னொரு முறை கேட்டுப் பார்க்கும்.

க்னூவின் நிரலெழுதும் விதிகளில் இதைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. தானே ஓடி முடிகிற நிரல் என்றால் மெமரி தீர்ந்ததும் நிறுத்திவிடலாம். ஆனால் மனிதர் உட்கார்ந்து கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கிற நிரல் என்றால், அந்த ஒரு கட்டளையை மட்டும் கைவிட்டு அடுத்த கட்டளைக்குத் திரும்புவது நல்லது என்கிறது. நான் இதை முன்பே படித்திருக்க வேண்டும்.

நான் படித்தது பாலகுருசாமி. தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாரைக் கேட்டாலும் அந்தப் புத்தகத்தின் அட்டை நிறம் சொல்வார்கள். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் எழுதியது. அதில் மெமரி கேட்கும் எடுத்துக்காட்டு நல்லா என்று ஒழுங்காகப் பார்க்கிறது, நல் என்றால் செய்தி சொல்லிவிட்டு வெளியேறுகிறது. பாடப்புத்தக நிரலுக்கு அது போதும். லேபில் நீல நிற டர்போ சி திரை, ஐந்து எண்களை வாங்கிக் கூட்டுகிற நிரல். அது செத்தால் யாருக்கு என்ன?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நான் ஒரு லைப்ரரி எழுதினேன். இரவும் பகலும் ஓடுகிற ஒரு சர்வருக்குள் உட்காரப்போகிற லைப்ரரி. எக்ஸ்மாலாக்கை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினேன், பெருமையாகவும் இருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் யாரோ அளவுக்கு மீறிப் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றினார்கள். இடம் கிடைக்கவில்லை. என் உறை சொன்ன சொல் தவறாமல் ஒரு வரி அச்சடித்து, சர்வரையே முடித்துவிட்டது. அந்த ஒரு கோப்பை மறுத்திருந்தால் போதும். அதற்குப் பதில் அப்போது இணைந்திருந்த எல்லாருடைய பாதி வேலையும் போனது. மறுநாள் சீனியர் அக்கா திட்டவில்லை. “வீட்டுக்கு வந்த விருந்தாளி, சோறு பத்தலன்னு வீட்டுக்கே தீ வைப்பானா?” என்று மட்டும் கேட்டார். அன்று முகம் சுண்டியது இன்னும் நினைவிருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை, லினக்ஸில் “இடமில்லை” என்ற பதிலே பெரும்பாலும் வராது. கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை அடிக்கிறவர் ஆயிரம் இலைக்குச் சமைப்பதில்லை, பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று தெரியும். லினக்ஸ் கெர்னலும் அப்படித்தான். கேட்டவர்களுக்கெல்லாம் முகவரியைக் கொடுத்துவிடும், உண்மையான மெமரியை அவர்கள் அதில் எழுதத் தொடங்கும்போதுதான் ஒதுக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் பந்திக்கு வந்துவிட்டால்? ஓஓஎம் கில்லர் என்ற ஒன்று கிளம்பி, ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். கேட்டவனைத்தான் கொல்லும் என்றில்லை. 2004இல் ஆண்ட்ரிஸ் ப்ரௌவர் இதைக் கிண்டலடித்து லினக்ஸ் அஞ்சல் குழுவுக்கு எழுதினார்: எரிபொருளைக் குறைவாக நிரப்பிக்கொண்டு பறந்து, தீரும்போது பயணிகளில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வெளியே தள்ளிவிடும் விமான நிறுவனம். என் சர்வரில் இந்தத் தாராளத்தை அணைத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் என் உறைக்கு நல் வந்தது.

இதுவரை சொன்னது பதில் வந்த பிறகு என்ன செய்வது என்கிற கதை. என் நண்பனின் ஓவர்ஃப்ளோ, கேள்வியிலேயே இருக்கிறது.

ஓப்பன் எஸ்எஸ்எச், தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கான நிரல். எழுதியவர்கள் ஓப்பன் பிஎஸ்டி குழு, பாதுகாப்பில் பைத்தியம் பிடித்தவர்கள். எங்கும் எக்ஸ்மாலாக்தான் பயன்படுத்தினார்கள், சரியாகவே எழுதப்பட்ட எக்ஸ்மாலாக். உள்ளே நுழையும்போது சர்வர் கேள்விகள் கேட்கும், எதிர்முனை “எத்தனை பதில் அனுப்பப்போகிறேன்” என்று முதலில் ஓர் எண் சொல்லும். சர்வர் அந்த எண்ணை ஒரு பாயிண்டரின் அளவான 4 ஆல் பெருக்கி, அத்தனை பைட் கேட்கும்.

வருகிறவன் 1073741825 பதில் என்று சொன்னால்? நாலால் பெருக்கினால் 4294967300. 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 4294967295. மிஞ்சியது வழிந்து போக, நிற்பது 4. எக்ஸ்மாலாக்கிடம் வந்தது “4 பைட் கொடு” என்ற அப்பாவியான கேள்விதான். இருந்தது, கொடுத்தது. நல் இல்லை, பிழைச்செய்தி இல்லை. பிறகு சர்வர் நூறு கோடிக்கும் மேற்பட்ட பதில்களுக்கு இடமிருக்கிறது என்று நம்பி எழுதத் தொடங்குகிறது. இரண்டாவது பதிலே அடுத்தவன் இடத்தில் விழுகிறது. எதிர்முனையில் இருப்பவன் இன்னும் கடவுச்சொல்லே கொடுக்கவில்லை. ஏரி வழிந்தால் அருவியின் சத்தம் கேட்கும், இது சத்தமே போடாது.

மார்க் டௌட் கண்டுபிடித்தார். 2002 ஜூன் மாதம் திருத்தம் வந்தது: பதில் நூறுக்கு மேல் என்றால் ஏற்காதே. தங்கள் இயங்குதளத்தை நிறுவியபடியே வைத்தால் தொலைவிலிருந்து நுழைய ஓட்டையே கிடையாது என்று தளத்தின் முகப்பில் பெருமையாக எழுதி வைத்திருந்தவர்கள், அந்த வாசகத்தை ‘ஒரே ஓர் ஓட்டை’ என்று மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றினார்கள், மறைக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

அதே ஆகஸ்டில் இன்னொன்றும் தெரியவந்தது. காலாக் என்ற ஃபங்ஷன் எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கித் தானே பெருக்கிக்கொள்ளும். அதுவாவது பார்த்துப் பெருக்குகிறதா என்றால், பல இயங்குதளங்களில் அதுவும் கண்ணை மூடிக்கொண்டுதான் பெருக்கியது.

2014இல் வந்த ஓப்பன் பிஎஸ்டி 5.6இல் அதே குழு ரீயாலாக்அரே என்ற ஃபங்ஷனைச் சேர்த்தது. இரண்டு எண்களையும் தனியாக வாங்கும். இரண்டுமே 65536க்குக் கீழ் என்றால் 32 பிட்டில் பெருக்கினாலும் வழியாது, விட்டுவிடும். இல்லையென்றால் பெருக்குவதற்குமுன் வகுத்துப் பார்க்கும், அடங்காதென்றால் நல். 2017இல் க்னூ சி லைப்ரரிக்கும், 2024இல் போசிக்ஸ் தரத்துக்கும் வந்து சேர்ந்தது. யோசித்தால் ஆறாம் வகுப்புக் கணக்கு. யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து எண்ணினால் முப்பத்தைந்து வருடம்.

பிரச்சினையின் மறுபாதியை, அதாவது கொடுத்த இடத்தைத் தாண்டி எழுதுவதை, வன்பொருளிலேயே பிடிக்கலாம் என்று முயல்பவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியின் ஷக்தி ப்ராஸஸர் குழு 2019இல் ஷக்தி-எம்எஸ் என்ற வடிவமைப்பை வெளியிட்டது. ஒவ்வொரு பாயிண்டரும் தன் எல்லையை அறிந்திருக்கும், மீறினால் ப்ராஸஸரே தடுக்கும். அந்த யோசனைப்படி பார்த்தால் 2002இன் அந்த சர்வர் இரண்டாவது பதிலிலேயே நின்றிருக்கும். நின்றிருக்கும் என்றால், செத்திருக்கும். மறுபடியும் அக்கா கேட்ட கேள்விக்கே வந்து நிற்கிறோம்.

ஏற்காட்டிலிருந்து திரும்பியதும் என் பழைய லைப்ரரியின் பிரதி ஒன்றைத் தேடிப் பார்த்தேன். அந்த நள்ளிரவுக்குப் பிறகு எக்ஸ்மாலாக் எல்லாவற்றையும் நீக்கி, நல் வந்தால் மேலே சொல்லி அனுப்புகிறாற்போல் மாற்றியிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் பதினான்கு இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அளவு பெருக்கல் எண்ணிக்கை. அதில் மூன்றில் எண்ணிக்கை வெளியிலிருந்து, ஏற்றுகிறவரின் கோப்பிலிருந்து வருகிறது. நண்பனுக்கு அந்த மூன்று வரிகளைப் படமெடுத்து அனுப்பினேன். “இத இன்னும் ஓட்டிட்டிருக்காங்களா?” என்று கேட்டான். அக்காவின் நம்பர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.