ஆற்று மீனும் அறியா நஞ்சும்

வன்னி நாட்டுக் குளங்களிலே இன்று மிகுதியாக அகப்படும் மீனுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர் யப்பான் மீன் என்பதாகும். திலாப்பியா எனப்படும் அம்மீனின் தாயகம் ஆபிரிக்காவேயன்றி யப்பான் அன்று. 1952ஆம் ஆண்டிலே இலங்கைக்குக் கொண்டுவரப்பெற்ற அது, விராலும் கெளுத்தியும் குறவையும் வாழ்ந்த நீர்நிலைகளிலே பல்கிப் பெருகி, வயல் வேலைக்குச் செல்வோரின் அன்றாடக் கறியாயிற்று. பெயர் எவ்வாறு வந்ததாயினும் ஆகுக. ஆற்று மீனை நம்பி உண்ணலாமா என்னும் வினாவுக்கு உலகம் பெற்ற மிகக் கடுமையான விடை, உண்மையாகவே யப்பானிலிருந்துதான் வந்தது.

மீனின் நன்மை தீமை அறிவதற்கு நம் முன்னோர் வைத்த சோதனைகள் நல்லவையே. செவுளை விரித்துச் சிவப்புப் பார்ப்பர். கண் குழிந்ததா என்று நோக்குவர். விரலால் அமுக்கித் தசை மீள எழுகின்றதா என்று காண்பர். இறுதியாக மணத்தை நாடுவர். ஆயின் இச்சோதனைகள் யாவும் அழுகலைக் காட்டுவனவேயன்றி நஞ்சைக் காட்டுவன அல்ல. இவ்வேறுபாட்டை மனிதர் உணர்வதற்கு நெடுங்காலம் பிடித்தது.

நாற்றமெடுக்கும் ஆறு ஒருவகையில் நேர்மையானது. 1858ஆம் ஆண்டுக் கோடையிலே இலண்டன் மாநகரின் தேம்சு நதி வீசிய துர்நாற்றத்தினால் பாராளுமன்ற உறுப்பினர் மண்டபத்தில் இருக்கவொண்ணாது தவித்தனர். அதன் பயனாகவே அந்நகரின் பெருங் கழிவுநீர்க் கால்வாய்கள் எழுந்தன. சென்னையிலே கூவத்தின் கரையில் நிற்பவர், அதன் மீனை உண்ணலாமா என்று பிறரைக் கேட்கவேண்டுவதில்லை; மூக்கே விடை கூறிவிடும். தெளிந்து ஓடும் ஆறோ அங்ஙனம் எச்சரிப்பதில்லை.

யப்பானின் தென்பகுதியிலே குமமோட்டோ மாநிலத்தில் மினமாட்டா என்னும் கடற்கரைப் பட்டினம் உண்டு. சிசோ என்னும் நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலையே அதன் வாழ்வு. 1950களிலே அங்குள்ள மீனவர் வீட்டுப் பூனைகள் தள்ளாடி, வலிப்புற்று மடியத் தொடங்கின. பின்னர் குழந்தைகளுக்கும் கை கால் நடுங்கிற்று, நா குழறிற்று, பார்வை சுருங்கிற்று. 1956ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள், அந்நிறுவனத்தின் வைத்தியசாலைத் தலைவரான ஹொசோகாவா ஹஜிமே என்பார், காரணம் அறியப்படாத மூளைநோய் ஒன்று தோன்றியுள்ளதென்று சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார்.

மீனே காரணம் என்னும் ஐயம் விரைவில் எழுந்தது. 1957இல் சுகாதார நிலையத்தின் தலைவர் அக்குடாவின் மீனைப் பூனைகளுக்கு உண்பித்தார். அவையும் அந்நோயே கொண்டன. மாநில அரசு உணவுச் சட்டத்தின்கீழ் அம்மீனைத் தடைசெய்ய விரும்பி, மத்திய அமைச்சின் கருத்தைக் கேட்டது. குடாவின் மீன் அனைத்தும் நஞ்சுற்றன என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. ஆகவே சட்டத்தைப் பிரயோகித்தல் இயலாது என்று அவ்வாண்டு செப்தெம்பர் மாதத்திலே விடை வந்தது. அனைத்து மீனும் நஞ்சு என்று நிறுவ எவரால் இயலும்? கடலிலுள்ள கடைசி மீனையும் பிடித்துச் சோதித்தாலன்றி நிறைவுறாத நிபந்தனை அது. தடை வரவில்லை, மக்கள் தொடர்ந்து உண்டனர். 1958இல் நிறுவனம் தன் கழிவுநீரை மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பிவிட்டது. அதன்பின் அவ்வாற்று முகத்தை அண்டி வாழ்ந்தோரும் நோயுற்றனர்.

நஞ்சு யாதெனில், வெப்பமானியிலே நாம் காணும் இரசத்தின் ஒரு வடிவம். அசற்றலடிகைட்டு என்னும் பொருளை ஆக்குவதற்கு இரசம் ஊக்கியாகப் பயன்பட்டது. அதன் சிறுபகுதி மெதயில் இரசமாக மாறிக் கழிவோடு வெளியேறிற்று. நீரிலே அதன் அளவு அற்பமே. ஆயின் நுண்ணுயிரைச் சிறுமீனும் சிறுமீனைப் பெருமீனும் உண்ணுந்தோறும் அது உடலிற் சேர்ந்து பெருகுகின்றது. அது தங்குமிடம் தசை. குடலை நீக்கினும், புளியிட்டுக் கழுவினும், பொரிப்பினும், கருவாடாக உலர்த்தினும் அது நீங்குவதில்லை. தாயின் உடலிலிருந்து கருவையும் அது அடைகின்றது. நோய்க்குறி மிகுதியாக இல்லாத தாய்மார் நோயுற்ற மக்களைப் பெற்றனர் என்பது 1962இலேயே அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதனிடையே ஹொசோகாவா 1959இல் தொழிற்சாலைக் கழிவுநீரையே உணவிற் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டினார், அதுவும் நோயுற்றது. நிறுவனம் அம்முடிவை வெளியிடாது மறைத்தது. உண்மையை அவர் நீதிமன்றத்துக்கு உரைத்தது 1970இல், தாம் மரணப் படுக்கையிலே கிடந்தபோது. இம்மறைப்புக்கு யார் விலை கொடுத்தனர் என்பதை இனிக் கூறும் வரலாறு காட்டும்.

அது கடற்குடாவின் கதையன்று, ஆற்றின் கதை. யப்பானின் வடமேற்குக் கரையிலுள்ள நீகாட்டா நகரத்தருகே கடலிற் கலப்பது அகனோ ஆறு. முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் மேலே கனோசே என்னுமிடத்தில், சோவா டென்கோ நிறுவனம் அதே முறையில் அதே பொருளை ஆக்கிவந்தது. கீழ்நிலத்து ஊரவர் பகலில் வயலிலும் மாலையில் ஆற்றிலுமாக வாழ்ந்தவர். அவர்கள் காசு கொடாது பெற்ற உணவு ஆற்று மீன். நீரோ தெளிந்தது, மீனோ புதியது. 1965ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நீகாட்டாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுபாக்கியும் சுகாதார அதிகாரிகளும், மினமாட்டாவின் நோய் இவ்வாற்றங்கரையிலும் தோன்றியுள்ளதென அறிவித்தனர்.

இம்முறை வைத்தியர்கள் மீனை மட்டும் நோக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று மக்களின் தலைமயிரைச் சோதித்தனர். உண்ட இரசம் மயிரிலே படிவதாலும், மயிர் மெல்ல வளர்வதாலும், ஒருவர் பல மாதங்களாக உண்டதன் கணக்கு அதில் எழுதப்பட்டுள்ளது. நோய்க்குறி தோன்றாதோரும் இவ்வாறு கண்டறியப்பட்டு எச்சரிக்கப்பட்டனர். ஆற்று மீனின் விற்பனையும் கட்டுப்படுத்தப்பட்டது. நிறுவனமோ, 1964இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தினால் துறைமுகக் களஞ்சியங்களிலிருந்த கிருமிநாசினி ஆற்றிற் கலந்ததே காரணம் என்று வாதித்தது. 1967இல் ஆற்றங்கரை மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1971ஆம் ஆண்டு செப்தெம்பரிலே தீர்ப்பு அவர்கள் பக்கம் அமைந்தது. மினமாட்டாவின் உண்மை 1959இலேயே வெளிவந்திருப்பின், அகனோ ஆற்றங்கரையிற் பலர் தப்பியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

வன்னிக்கு மீள்வோம். வவுனியா மாவட்டத்திலே தோன்றும் கனகராயன் ஆறு, முல்லைத்தீவு மாவட்டத்தினூடாக வடக்கு நோக்கி வந்து, இரணைமடுக் குளத்தை நிரப்பி, கிளிநொச்சியைக் கடந்து கடனீரேரியை அடைகின்றது. அதன் வழியிலே நெல்வயல்கள் பல. வயலுக்கு இடும் பசளையும் தெளிக்கும் மருந்தும் மழைநீரோடு ஆற்றுக்கும் குளத்துக்கும் வருவன. 2009இல் போர் ஓய்ந்தபின் நகரங்கள் மீண்டும் வளர்கின்றன; வளரும் நகரின் வடிகால் தாழ்ந்த இடத்தையே நாடும். பரந்தனிலே 1950களில் தொடங்கப்பெற்று, ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் ஆக்கிய இரசாயனத் தொழிற்சாலை, 1980களின் நடுப்பகுதியிலே போரினால் நின்றது. தொழிற்சாலை இருந்ததனால் மட்டும் அயலிலுள்ள நீர் நஞ்சாயிற்றென்பது நேர்மையன்று. அது நின்றுவிட்டதனால் நீர் தூயதென்பதும் அறிவன்று. இரண்டையும் ஆய்வுகூடமே கூறவேண்டும்.

எல்லாக் குளத்து மீனையும் ஒருங்கே அஞ்சுதலும் பேதைமையாகும். புரதம் வேறின்றி வாழும் ஏழைக் குடும்பத்துக்குக் குளத்து மீனை விலக்கச் சொல்லுதல், ஒரு தீமைக்கு அஞ்சி மற்றொன்றை அழைத்தலாக முடியும். புழுவும் பாசியும் தின்று வளரும் சிறுமீனிலும், பிற மீனைத் தின்று பல்லாண்டு வாழும் பெருமீனிலே இரசம் மிகுதியாகச் சேரும் என்பது இன்று எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. அவ்வகையில், பாசியைப் பெரிதும் உண்ணும் யப்பான் மீன் விராலினும் குறைந்த ஐயத்துக்கு உரியது. ஆயின் நகர வடிகால் வந்து விழும் குளத்திற் பிடித்ததற்கு இச்சலுகை பொருந்தாது. அங்கே கிருமியும் எண்ணெயும் பிறவும் சேர்ந்து நிற்கின்றன.

துவிச்சக்கரவண்டியிற் பெட்டி கட்டி மீன் கொண்டுவருபவரிடம், வன்னிப் பெண்கள் முதலிற் கேட்பது எந்தக் குளத்து மீன் என்பதே. சேற்று மணம் உள்ளதா இல்லையா என்று அறிதற்பொருட்டு அவர்கள் அதைக் கேட்டுவந்தனர். அகனோ ஆற்றங்கரையிலே வைத்தியர்கள் வீடு வீடாகக் கேட்ட முதல் வினாவும், மீனை எங்கே பிடித்தீர்கள், எவ்வளவு உண்டீர்கள் என்பதுதான்.