கரும்பில் ஓடும் கார்கள்: எரிசாராயத்தின் வரலாறு

கொடுமுடி என்றதும் மகுடேசுவரர் கோயிலும் கே.பி.சுந்தராம்பாளும் நினைவுக்கு வருவார்கள். பவானியில் தொடங்கும் காளிங்கராயன் வாய்க்கால் முடிவதும் இந்தப் பக்கம்தான். அந்தத் தண்ணீரில் மஞ்சள், வாழை, நெல்லோடு கரும்பும் விளைகிறது. ஈரோடு - கரூர் ரயில் பாதையில் சற்றுத் தள்ளிப் போனால் புகளூரில் சர்க்கரை ஆலை.

ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறக்குறைய 100 கிலோ சர்க்கரையும் 45 கிலோ கழிவுப்பாகும் கிடைக்கும். மொலாசஸ் எனப்படும் இந்தப் பாகை நொதிக்க வைத்து வடித்தால் சுமார் 10 லிட்டர் எரிசாராயம் வரும். சர்க்கரை எடுக்காமல் சாற்றையே நொதிக்க வைத்தால் சுமார் 70 லிட்டர் வரை வரும். இதைத்தான் எத்தனால் என்கிறார்கள்.

பெட்ரோல் கார் இதில் ஓடுமா? ஓடும். பிரேசிலில் 1925-லேயே ஒரு ஃபோர்டு காரை எரிசாராயத்தில் ஓட்டிச் சோதித்துவிட்டார்கள். அப்படியிருந்தும் நூறு ஆண்டுகளாக இந்த எரிபொருள் வருவதும் போவதுமாகவே இருப்பது ஏன்?

கரி வண்டிக் காலம்

தமிழ்நாட்டில் பெட்ரோல் வண்டிகளை வேறு எரிபொருளுக்கு மாற்றிய பழைய அனுபவம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிடைத்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் மதுரை டி.வி.எஸ். நிறுவனம் பேருந்துகளில் பொருத்தும் கரி வாயுக் கலனைத் தயாரித்தது. கலனில் கரி எரிந்து வரும் வாயு என்ஜினுக்குள் போகும். வண்டி கிளம்ப நேரமாகும், மேடு வந்தால் திணறும். ஆனாலும் ஓடியது. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரி வண்டிகளும் மறைந்துவிட்டன.

அதே காலத்தில் வட இந்தியாவில் வேறொரு பிரச்சினை. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி வந்தபின் ஆலைகள் பெருகின, கழிவுப்பாகு மலையாகக் குவிந்தது. அதை எரிசாராயமாக்கிப் பெட்ரோலில் கலக்க ஐக்கிய மாகாணம் 1940-ல் சட்டம் இயற்றியது. சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் நாடு முழுவதற்குமான எரிசாராயச் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 1948-ல்தான் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலானது. வண்டிக்கு ஊற்றலாம் என்று ஒரு சட்டம் ஊக்கம் தந்தது, மனிதன் குடிக்கக் கூடாது என்று இன்னொன்று தடுத்தது.

ஆனால் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. ரசாயன ஆலைகளும் மது ஆலைகளும் எரிசாராயத்தை வாங்கிக்கொண்டன. அந்தச் சட்டம் 2000-ல் ரத்து செய்யப்பட்டது.

பிரேசில் கற்ற பாடம்

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு பிரேசில். 1973-ல் கச்சா எண்ணெய் விலை எகிறியதும், 1975 நவம்பரில் 'புரோ ஆல்கூல்' என்ற தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 1979-ல் முழுக்க எரிசாராயத்தில் ஓடும் ஃபியட் 147 விற்பனைக்கு வந்தது. பழைய பெட்ரோல் கார்களையும் பட்டறைகளில் மாற்றினார்கள்.

என்ன மாற்ற வேண்டும்? ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று தேவை, எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே கார்புரேட்டரின் துளையைப் பெரிதாக்கி அதிக எரிபொருள் விட வேண்டும். எத்தனால் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் என்பதால் என்ஜினின் அழுத்த விகிதத்தை உயர்த்தினால் நல்ல பலன் கிடைக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் சில உலோகப் பாகங்களையும் எத்தனால் அரிக்கும், அவற்றை மாற்ற வேண்டும். குளிரில் வண்டி கிளம்பாது. அதற்காக ஒரு சின்ன பெட்ரோல் டேங்க் தனியாக வைத்தார்கள். இதையெல்லாம் அரைகுறையாகச் செய்தவர்களின் கார்கள் அரிப்பிலும் காலை நேரத் திணறலிலும் மாட்டிக்கொண்டன.

இயந்திரக் கோளாறுகளைப் பொறியாளர்கள் சரிசெய்தார்கள். 1980-களின் நடுவில் புதுக் கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எரிசாராயக் கார்கள். அடி விழுந்தது வேறு இடத்தில். எண்ணெய் விலை சரிந்தது, சர்க்கரைக்கு நல்ல விலை வந்தது. ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்பின. 1989-ன் இறுதியில் எரிசாராயத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோலுக்குத் திரும்ப வழியில்லாத கார்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். 2003-ல் எந்தக் கலவையிலும் ஓடும் 'ஃப்ளெக்ஸ்' கார் வந்த பிறகுதான் நம்பிக்கை திரும்பியது. எரிசாராயத்தின் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே அதை ஊற்றுவது அங்கே பழக்கம். லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதே காரணம்.

மீண்டும் இந்தியா

2003-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 9 மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீத எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். வறட்சியால் கரும்பு குறைந்து 2004-ல் திட்டம் தடுமாறியது. 2006-ல் மறுபடி ஆரம்பம். 2022-ல் 10 சதவீதம், 2025-ல் 20 சதவீதம் என்று வேகம் பிடித்தது. நடுவில், 2023 டிசம்பரில், கரும்பு விளைச்சல் குறையும் என்ற அச்சத்தில் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 2024 ஆகஸ்டில் அதை நீக்கியது. இதற்குள் மக்காச்சோளம் பெரிய மூலப்பொருளாகிவிட்டது.

20 சதவீதக் கலவைக்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்று மத்திய அரசே 2025 ஆகஸ்டில் சொன்னது. அந்த இழப்பு கார் வைத்திருப்பவரின் கணக்கில் விழுகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் தேவை என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கூறுகிறது. காவிரியில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் விவசாயிக்கு இது சின்ன எண் அல்ல.

ஆக, இந்த எரிபொருள் ஒவ்வொரு முறை தடுமாறியபோதும் காரணம் என்ஜின் இல்லை. காரை மாற்றுவது ஒரு நல்ல மெக்கானிக்கின் சில நாள் வேலை. அந்த டேங்கை ஆண்டு முழுவதும் நிரப்புவது மழை, கரும்பு விலை, சர்க்கரை விலை, கச்சா எண்ணெய் விலை ஆகிய நான்கின் வேலை. இந்த நான்கும் ஒத்துப்போன ஆண்டுகளில் எரிசாராயம் ஓடியது, ஒன்று பிசகினாலும் நின்றது. கொடுமுடி வயலில் கரும்பு வெட்டுபவரும் பெட்ரோல் பங்கில் நிற்பவரும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் போடும் திட்டம் நிலைக்காது என்பதைத்தான் இந்த வரலாறு திரும்பத் திரும்பச் சொல்கிறது.