தேர்தல் முடிவு நாளில் பங்குச்சந்தை ஏன் ஆட்டம் காண்கிறது? எஸ்ஐபி போடுபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. சென்செக்ஸ் ஒரே நாளில் 2,507 புள்ளிகள் ஏறி 76,468-ல் முடிந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. அன்று 4,389 புள்ளிகள் சரிந்து 72,079-க்கு வந்தது. அடுத்த மூன்றே வர்த்தக நாட்களில், அதாவது ஜூன் 7 அன்று, 76,693 என்ற புதிய உச்சத்தில் நின்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம் ஆட்சியும் மாறவில்லை, பிரதமரும் மாறவில்லை. அப்புறம் எதுக்கு இவ்வளவு ஆட்டம்?

சந்தை கணக்கு போடுவது வேற

யார் ஜெயிக்கிறார்கள் என்பதற்காகச் சந்தை ஏறுவதோ இறங்குவதோ இல்லை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் அதற்கு முக்கியம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 126ஏ பிரிவின்படி, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும் வரை எக்ஸிட் போல் முடிவுகளை வெளியிட முடியாது. 2024-ல் கடைசிக் கட்டம் ஜூன் 1, சனிக்கிழமை. அன்று மாலை வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் இடங்கள் கொடுத்தன. திங்கட்கிழமை சந்தை அதை நம்பி வாங்கியது. செவ்வாய்க்கிழமை வந்த நிஜ எண்ணிக்கை 293. பாஜகவுக்குத் தனியாக 240, பெரும்பான்மைக்கு வேண்டிய 272-க்குக் கீழே. வெற்றிதான், ஆனால் திங்கட்கிழமை விலை கொடுத்து வாங்கிய வெற்றி அது இல்லை.

அடி எல்லாப் பங்குகளுக்கும் ஒரே மாதிரி விழவில்லை. அரசின் செலவுத் திட்டங்களை நம்பி ஏறியிருந்த பொதுத்துறைப் பங்குகளுக்கான குறியீடு அன்று சுமார் 15 சதவீதம் சரிந்தது. சோப்பு, பேஸ்ட் விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர் பங்கோ சுமார் 6 சதவீதம் ஏறியது. எந்த ஆட்சி வந்தாலும் மக்கள் குளிப்பார்கள் என்ற கணக்கு!

'முதலீட்டாளர்களுக்கு 31 லட்சம் கோடி ரூபாய் நஷ்டம்' என்று அன்று தலைப்புச் செய்தி ஓடியது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும். பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் மதிப்பு அந்த அளவு குறைந்தது என்றுதான் அர்த்தம். விற்காதவர் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

எதிர்பார்த்தபடியே முடிவு வந்தால் ஆட்டம் அடங்கிவிடும். 2014 மே 16 அன்று சென்செக்ஸ் முதல்முறையாக 25,000-ஐத் தொட்டது. ஆனால் நாள் முடிவில் ஏற்றம் வெறும் 216 புள்ளிகள். 2019 மே 23-லும் அதே கதைதான். முதல்முறையாக 40,000-ஐத் தொட்டுவிட்டு, கிட்டத்தட்ட 300 புள்ளிகள் இறக்கத்தில் முடிந்தது. பெரிய ஏற்றம் மூன்று நாட்களுக்கு முன்பே, எக்ஸிட் போலுக்கு அடுத்த வர்த்தக நாளிலேயே நடந்துவிட்டது: 1,421 புள்ளிகள்.

பயந்த ஆட்சி என்ன செய்தது?

2004-ஐப் பார்க்காமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. வாஜ்பாய் அரசு திரும்பி வரும் என்று சந்தை நம்பியிருந்தது. மே 13 அன்று வந்த முடிவு வேறு. இடதுசாரிகள் ஆதரவோடு காங்கிரஸ் கூட்டணி ஆட்சி என்றதும், பொதுத்துறைப் பங்கு விற்பனை நின்றுவிடும் என்ற பயம் பரவியது. மே 17, திங்கட்கிழமை சென்செக்ஸ் 564 புள்ளிகள், அதாவது 11 சதவீதத்துக்கு மேல் சரிந்து 4,505-ல் முடிந்தது. நடுவில் இரண்டு முறை வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

அன்று பயந்து விற்றவர்களுக்கு அடுத்து நடந்தது இது. அந்த வருடக் கடைசியில் சென்செக்ஸ் 6,600. 2008 ஜனவரியில் 21,000. இவ்வளவும் இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரவு தந்த அதே ஆட்சியில். பிறகு 2008-ல் வந்த பெரிய வீழ்ச்சிக்கும் டெல்லி அரசியல் காரணம் இல்லை. அமெரிக்க வங்கி நெருக்கடிதான் காரணம்.

2009-ல் தலைகீழ். இழுபறி என்று எதிர்பார்த்த இடத்தில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி 262 இடங்கள் பெற்றது. முடிவு வந்தது சனிக்கிழமை. மே 18 திங்கட்கிழமை சந்தை திறந்ததும் மேல் உச்சவரம்பைத் தொட்டு நின்றுபோனது, மறுபடி திறந்ததும் மீண்டும் தொட்டது, அன்றைக்குக் கடையை மூடிவிட்டார்கள். 2,110 புள்ளிகள் ஏற்றம். உண்மையில் வர்த்தகம் நடந்தது ஒரு நிமிட அளவுதான். 'முடிவைப் பார்த்துட்டு வாங்கிக்கலாம்' என்று காத்திருந்தவர்களுக்கு வாங்க நேரமே கிடைக்கவில்லை.

இப்போது வரிக்கு வருவோம். சந்தை பயந்த அந்த 2004 அரசு, ஜூலை பட்ஜெட்டில் பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கான நீண்டகால மூலதன ஆதாய வரியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பரிவர்த்தனை வரியைக் கொண்டுவந்தது. சந்தை கொண்டாடி வரவேற்ற 2014 அரசு, 2018-ல் 10 சதவீதமாக அந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் அது 12.5 சதவீதம் ஆனது. ஒரு வருடத்துக்குள் விற்றால் கட்டும் வரி 15-லிருந்து 20 சதவீதம் ஆனது. வரிவிலக்கு வரம்பு மட்டும் 1 லட்சத்திலிருந்து 1.25 லட்சமாகக் கூடியது.

ஜூன் 4 சரிவு மூன்று நாளில் ஆறிவிட்டது. ஜூலை 23 வரி மாற்றம் நீங்கள் லாபத்தில் விற்கும் ஒவ்வொரு முறையும் கூடவே வரும். தேர்தல் வருடத்தில் பிப்ரவரியில் வருவது இடைக்கால பட்ஜெட்தான். புது அரசின் முழு பட்ஜெட்டைத்தான் முதலீட்டாளர் உட்கார்ந்து படிக்கணும்.

சரி, எஸ்ஐபி-யை நிறுத்தணுமா?

ஒரு சின்னக் கணக்கு. சென்செக்ஸைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் ஜூன் 3 அன்று உங்களிடம் 1 லட்சம் ரூபாய் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 4 அன்று அது சுமார் 94,260. பயந்து விற்றுவிட்டு, ஜூன் 7 அன்று மனசு மாறி அதே பணத்தை மறுபடி போட்டால், முன்பிருந்த யூனிட்களில் சுமார் 6 சதவீதம் குறைவாகத்தான் கிடைக்கும். சும்மா இருந்தவரிடம் 1,00,290 ரூபாய் இருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மியூச்சுவல் ஃபண்டை மதியம் 12 மணிக்கு ஆப்பில் விற்றாலும், 12 மணி விலை கிடைக்காது. 3 மணிக்குள் கொடுத்தால் அன்றைய முடிவு என்ஏவி, அதன் பிறகு கொடுத்தால் அடுத்த வர்த்தக நாளுடையது. டிவியில் எண்ணிக்கை ஓடும்போது பட்டனைத் தட்டுவதில் எந்த வேகமும் இல்லை.

எஃப் அண்ட் ஓ பக்கம் போகிறவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். முடிவு நாளுக்கு முன் ஆப்ஷன் பிரீமியம் பதற்றத்தால் வீங்கியிருக்கும். ஜூன் 4 அன்று நடுவில் 30-ஐத் தாண்டிய இந்தியா விக்ஸ், மறுநாள் 20-க்குக் கீழே வந்துவிட்டது. அது இறங்கும்போது பிரீமியமும் வடியும். நீங்கள் சொன்ன திசையிலேயே சந்தை போனாலும் பணம் போகலாம். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

தேர்தலை நிஜமாகவே கணக்கில் எடுக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. வீட்டு முன்பணம், கல்யாணச் செலவு, வெளிநாட்டுப் படிப்பு என்று அந்த வருடமே தேவைப்படும் பணம் பங்கு ஃபண்டில் கிடந்தால், யார் ஜெயிப்பார்கள் என்று யோசிக்காமல், வாக்குப்பதிவு தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே அதை எஃப்டி-க்கோ லிக்விட் ஃபண்டுக்கோ மாற்றிவிடலாம். 10 வருடம் கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு நடுவில் இரண்டு மக்களவைத் தேர்தல்களாவது வரும். அதன் எஸ்ஐபி தேதியை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.