ஊரும் பேரும் கேட்ட யந்திரம்

அமெரிக்க நாட்டு இல்லினாய் மாகாணத்தில், சோளக் கொல்லைகள் சூழ்ந்த அர்பானா என்னும் பட்டணத்துச் சர்வகலாசாலையில், டானல்ட் பிட்சர் என்பார் 1960-ஆம் ஆண்டில் ‘பிளேட்டோ’ என்ற கணிப்பொறிப் போதனா முறையை இயக்கிக் காட்டியபோது, அதன் எதிரே அமரக்கூடிய மாணாக்கர் ஒருவரே. அவருக்குப் பேச்சுத் துணையும் அந்த யந்திரமே. 1972-இல் வந்த அதன் நான்காம் அவதாரத்திலோ, தணல்போல் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் திரைகள் பல நூறு, ஊர் ஊராக, ஒரே கணிப்பொறியோடு கம்பிவழி பிணைந்தன.

இதில் பாடங்களைவிட என் மனத்தைக் கவர்ந்தது ஒரு குறிப்புக் கோப்பின் கதை. கணிப்பொறியில் காணும் பிழைகளைத் தெரிவிப்பதற்கென்று இருந்த அந்தப் பொதுக் கோப்பில் எவரும் எழுதலாம், எவரும் அழிக்கலாம்; கீழே பெயரிடுவதும் விடுவதும் அவரவர் இஷ்டம்; குறும்புக்காரன் ஒருவனுக்கு விளையாட்டுப் புத்தி தோன்றினால் அத்தனை பேருடைய வாக்கும் ஒரு க்ஷணத்தில் பாழ். இதற்குப் பரிகாரமாக டேவிட் வூலி என்னும் 17 வயது வாலிபர் 1973 ஆகஸ்டில் அமைத்துக் கொடுத்த ‘நோட்ஸ்’ என்ற நிரல், ஒவ்வொரு குறிப்பிலும் தேதியையும் எழுதினவர் பெயரையும் தானே பொறித்து, பிறர் கை அதன்மேல் படாதபடி காத்தது. பெயரென்றால் வெறும் பெயரன்று. உள்ளே பிரவேசிப்பவர் தம் பெயரோடு தாம் சேர்ந்த குழுவின் பெயரையும் தட்டியாக வேண்டும். ஊரையும் பேரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லும் நம் பாட்டிமார்கள் அந்த யந்திரத்தோடு சுலபமாக ஒத்துப்போயிருப்பார்கள்! சொன்ன சொல்லுக்கு உடையவர் இன்னாரென்று ஏற்பட்ட பிறகே, நேரில் முகம் பார்த்திராத மாணாக்கர்களுக்குள் நேற்றுப் பேசியதை இன்று எடுத்துக்காட்டி வாதாடுவது சாத்தியமாயிற்று.

ஆனால் பெயரை மறைத்தும் ஞாபகம் வளர்ந்ததுண்டு. ஜனத்தொகை, எரிசக்தி ஆராய்ச்சிக் குழுவுக்கென்று ஒதுக்கிய பாட இடத்தில், 1975-இல், நிலவறைக்குள் அரக்கர்களோடு பொருதும் விளையாட்டு ஒன்று ‘பெடிட்5’ என்ற சப்பையான பெயரில் ஒளிந்திருந்தது. பாடத்துக்குரிய இடத்தை விளையாட்டு அடைப்பதைக் கண்ட நிர்வாகத்தார் அதை அழித்தார்கள். ஆடியவர்கள் மறக்கவில்லை. பழைய பிளேட்டோவை அதன் அபிமானிகள் ‘சைபர்1’ என்ற பெயரில் மீண்டும் இயங்கச் செய்திருக்கும் இடத்தில், முன்போலவே பெயரையும் குழுவையும் தட்டி நுழைகிறவர்களுக்கு, அந்த நிலவறையும் திறந்தே இருக்கிறது.